சத்தம் கேட்டால் எனக்கு என்ன வேலை? காசிமேட்டில் ஒரு முன்னாள் ஹவில்தாருடன் ஒன்பது மாதங்கள்

நான் வட சென்னையில் பதினோரு வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன், அதாவது நோயாலோ காயத்தாலோ அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களை மறுபடி செய்யப் பழக்குவது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பக்கவாதம் வந்தவர்கள், மீதியில் மெஷினில் கை மாட்டியவர்களும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் அதிகம். ராணுவத்தில் இருந்து வந்த ஒருவருக்கு மனநலத்துக்காக ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை கூடவே இருந்து வேலை செய்தது இதுதான் முதல் தடவை. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 37. அப்பா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், முட்டிவலி வந்த பிறகு கரையில் வலை வேலை மட்டும் பார்க்கிறார். தம்பி படகில் போகிறார். இவர் 19 வயதில் படையில் சேர்ந்து, 17 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஹவில்தாராக பென்ஷனில் வந்தவர். காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இரண்டு தடவை. இரண்டாவது தடவையில், சாலையோரம் புதைத்து வைத்த குண்டு வெடித்து, முன்னால் போன வண்டியில் இருந்த கூட்டாளி இறந்தார். அந்த ஒரு வரிக்கு மேல் அவர் நெடுநாள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நினைவைத் தோண்டுவது என் வேலையும் இல்லை, அதற்குப் பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்ட் தனியாக இருந்தார்.

படையில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்து எழுத்தில் பிரித்துப் போடுவார்கள், அதில் முதல் எழுத்து மனநிலைக்கானது. அந்த எழுத்தில் தகுதி குறைந்தால் பதவி உயர்வு நின்றுபோகும் என்ற பயத்தில், தூக்கம் வரவில்லை என்பதைக்கூட அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே வரும்போதும் எல்லாவற்றிலும் ஒன்று, அதாவது முழுத் தகுதி.

ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவுக் காவலர் வேலை. 12 மணி நேர ஷிப்ட். நான்கு மாதம் தாங்கினார். அதற்குள் தினமும் ஒரு குவார்ட்டர் ரம் என்பது ஆஃப் ஆகிவிட்டது. வேலையை விட்டார். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் போய் மனநல மருத்துவரைப் பார்த்தார், பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லி செர்ட்ரலின் என்ற மனநல மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் புரட்டுகிறது, பலனும் இல்லை என்று நிறுத்திவிட்டார்.

என்னிடம் வந்த காரணம்

பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்து ஊர்வலம் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் சாவு ஊர்வலம் எப்படிப் போகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேளம், ஆட்டம், பூ இறைப்பது, தெருவுக்குத் தெரு சரவெடி, நடுநடுவே அணுகுண்டு. இவர் அப்போது ஒன்பது வயது மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் அணுகுண்டு வெடித்ததும் அவளை இழுத்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். ஊர்வலம் தாண்டிப் போன பிறகும் எழவில்லை. மனைவி வந்து தோளைத் தொட்டபோது அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். குழந்தையின் முழங்கை கட்டில் காலில் பட்டு வீங்கிவிட்டது.

காயம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார மகள் வரவில்லை. அவரை என்னிடம் கொண்டுவந்தது அதுதான், தூக்கமோ குடியோ இல்லை. இதை முதல் நாளே அவர் மனைவி தெளிவாகச் சொன்னார். நான்தான் அதை உள்ளே வாங்காமல் விட்டுவிட்டேன், அந்தக் கதை கடைசியில் வரும்.

முதல் மூன்று சந்திப்பில் பார்த்தது

உட்காரும் இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார், முதுகு சுவரில், கண் வாசலில். என் அறை ஜன்னலுக்குக் கீழே சந்தைத் தெரு. மூன்று சக்கர வண்டிக்காரர் இரும்புத் தட்டைப் போட்ட சத்தத்தில் இவர் தொடைத் தசை துள்ளுவதை பேன்டுக்கு மேலேயே பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. “ஒண்ணும் இல்ல மேடம்” என்பார்.

பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, மொத்தம் 80 மதிப்பெண். 31-33 வாக்கில் வந்தாலே கவனிக்க வேண்டும். இவருக்கு 49. தூக்கம் துண்டுதுண்டாக மூன்றரை மணி நேரம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன், எல்லாரையும் கேட்பேன். “செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணும், பண்ணிக்கணும்னு தோணல” என்றார். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டேன், காவலர் வேலைக்காக உரிமம் எடுத்து வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள் நிறைய உண்டு. இல்லை என்றார். அன்றே மனநல மருத்துவரிடம் பேசினேன், அவர் மனைவியின் போனில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐப் பதிந்து வைத்தோம், மாத்திரை வேலை செய்ய நான்கைந்து வாரமாவது ஆகும் என்பதை அவருக்குப் புரியவைத்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னோம்.

அப்புறம் எங்கள் துறையின் அடிப்படைக் கேள்வி: உங்கள் நாளில் எதைச் செய்ய வேண்டும், செய்ய விரும்புகிறீர்கள், ஆனால் முடியவில்லை? அதில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரே மதிப்பெண் போட வேண்டும். அவர் சொன்ன ஐந்து: ராத்திரி தூங்குவது, மகளை சந்தைத் தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, விசேஷ வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்காருவது, ஏதாவது ஒரு வேலை, நைனாவோடு, அதாவது அப்பாவோடு, சண்டை இல்லாமல் பேசுவது. செய்ய முடிவதற்குச் சராசரி 2.4, திருப்திக்கு 1.8.

முதலில் நான் தவறவிட்டது

என் அறையில் இருப்பதை வைத்து ஆரம்பித்தேன். ஆணிப்பலகை, களிமண், கூடை பின்னுவது. அவர் நேரத்துக்கு வந்தார், சொன்னதைச் சொன்னபடி செய்தார், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. நல்ல முன்னேற்றம் என்று குறிப்பில் எழுதி வைத்தேன்.

மூன்றாவது வாரம் கேட்டேன், இது உங்களுக்கு ஏதாவது உதவியாக இருக்கிறதா என்று. “நீங்க சொன்னீங்க, செஞ்சேன். ஆர்டர் மேடம்” என்றார். கூடை அழகாகவே வந்திருந்தது, அவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. பதினேழு வருடம் சொன்னதைச் செய்து பழகிய ஒருவரிடம் கீழ்ப்படிதலைப் பார்த்து முன்னேற்றம் என்று நினைத்துவிட்டேன். படைவீரர்களோடு வேலை செய்யப்போகும் என் துறைக்காரர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன்: அவர்கள் மறுக்கவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

அன்றுதான் அவர் கொஞ்சம் சூடாகவே கேட்டார், இந்தக் கைவேலை எல்லாம் எதற்கு, இதனால் மனசு எப்படித் திடமாகும் என்று. நான் இந்தத் தொழில் வந்த கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் 1917-ல் இதற்கென்று சங்கம் தொடங்கிய கையோடு முதல் உலகப்போரில் அடிபட்ட சிப்பாய்கள் ஆஸ்பத்திரிகளில் நிறைந்தார்கள், தறி, மரவேலை என்று கொடுத்து அவர்களைத் திரும்ப நடமாட வைத்ததில்தான் இந்தத் துறை காலூன்றியது. அந்தப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்று சொன்ன அவதிக்கு பிடிஎஸ்டி என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்ததே 1980-ல்தான். நம் நாட்டில் 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் கமலா நிம்ப்கர் முதல் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். “அப்போ இது எங்க ஆளுங்களுக்கு வந்தது” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்ததை அப்படியே எழுதி வைத்தேன்:

“யூனிட்ல சத்தம் கேட்டா எனக்கு வேலை இருக்கும் மேடம். பசங்க எங்க, எந்தப் பக்கம், யாரு கவர், யாரு ரிப்போர்ட். கை நடுங்கறதுக்கு டைமே இருக்காது. இங்க சத்தம் கேட்டா எனக்கு என்ன வேலை?”

எல்லாரும் அவரிடம், நீ ராணுவக்காரன், மனசைத் திடமா வச்சுக்கோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனத்திடம் அவரிடம் இல்லாமல் போகவில்லை. அதைத் தாங்கிப்பிடித்த சாமான்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன: விடிவதற்கு முன் எழுவது, வரிசையில் போய் நிற்கும் ஃபால்-இன், இருவர் இருவராகச் சேர்த்துவிடும் ‘பட்டி’ முறை, தனக்குக் கீழே பத்துப் பேர், செய்து முடித்ததும் ஒரு ரிப்போர்ட். பென்ஷன் ஆர்டர் வந்த அன்று இத்தனையும் ஒரே நாளில் போய்விட்டது. இதைப் புரிந்துகொண்டதும் என் திட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வேலைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது. வீட்டில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு, பென்ஷன் பணத்தில் வாடகை போக மிச்சம் குறைவு. ஆனால் கிடைப்பதெல்லாம் இரவுக் காவல்தான், இரவெல்லாம் விழித்து இருட்டை உற்றுப்பார்க்கும் வேலை இவருடைய நோயையே சம்பளம் கொடுத்து வளர்க்கும். மூன்று மாதம் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவது, எழும் நேரம். தூங்கும் நேரத்தை நம்மால் கட்டளையிட முடியாது, எழும் நேரத்தை முடியும். 4:45. அவருக்குப் பழகின நேரம். மதியம் 20 நிமிடத்துக்கு மேல் படுக்கக் கூடாது, நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். குடியை உடனே நிறுத்தச் சொல்லவில்லை, தினமும் ஆஃப் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, மருத்துவர் மேற்பார்வையில் ஐந்து வாரத்தில் குறைத்தோம். ராணுவ கேன்டீனில் மது வாங்க உதவும் கார்டை அவரே மனைவியிடம் கொடுத்தார்.

மூன்றாவது, அவர் கேட்ட கேள்விக்குப் பதில். தெருவுக்கென்று ஒரு டிரில் எழுதினோம், அவர் மொழியில், அவர் கையெழுத்தில். சத்தம் கேட்டால் முதலில் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்து. சத்தம் என்ன, எந்தத் தெரு என்று வாய்விட்டுச் சொல். மூன்று தடவை மூச்சை நீளமாக வெளியே விடு, உள்ளே இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம். ஜன்னலைச் சாத்து. மனைவியிடம் ரிப்போர்ட்: “சாவு மேளம், மூணாவது தெரு, பத்து நிமிஷம் ஆகும்.” முடிந்தது, முன்பு செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்பு.

இதில் சைக்காலஜிஸ்டுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. சத்தம் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தால், அதனால்தான் தப்பித்தேன் என்று மூளை நினைத்துக்கொள்ளும், பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்றார். சரியான எச்சரிக்கைதான். கடைசியில் இருவரும் ஒத்துப்போனது இப்படி: ஒரு சத்தத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பார்க்க வேண்டும், திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கக் கூடாது. ஆறு வாரத்துக்குப் பிறகு ஜன்னல் சாத்துவதை எடுத்துவிட வேண்டும், பிறகு ரிப்போர்ட்டை. கடைசியில் பாதமும் மூச்சும் மட்டும் மிஞ்ச வேண்டும்.

கேரம் கிளப்

காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் கேரம் என்பது பொழுதுபோக்கு மாதிரி இல்லை, கிட்டத்தட்ட ஊர்ப்பெருமை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான், நாங்கள் போன கிளப்பின் சுவரில் பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இவரும் படையில் பாரக்கில் நிறைய ஆடியவர்.

நான் கேரமைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சத்தம். ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கும் ‘டக்’ கூர்மையானது, குறுகியது, எப்போது வரும் என்பது ஓரளவு தெரியும், அதில் பாதி அவர் விரலில் இருந்தே வரும். நாமே உண்டாக்கும் சத்தம் நம்மை அவ்வளவாகத் தூக்கிப்போடாது. முதலில் இவர் மட்டும் அடித்தார், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அடுத்து இரண்டு பேர், அடுத்து நான்கு பேர், அடுத்து மூன்று பலகையிலும் ஆட்டம் நடக்கும் சாயங்கால நேரம். உட்காரும் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம்: முதுகு சுவரில், பிறகு பக்கவாட்டில், பிறகு வாசலுக்கு முதுகு காட்டி. கடைசி இடத்துக்கு வர ஏழு வாரம் ஆனது. அன்று அவர் சட்டை முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, ஆனால் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஒரு நாள் சின்னப் பையன் ஒருவன், “அண்ணா, நீங்க சுட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டான். நான் பதறிப்போனேன். அவர் பவுடரைத் தட்டிக்கொண்டே, “உன் காய, இப்போ” என்று சொல்லி சிவப்புக் காயைக் குழியில் போட்டார்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. காசிமேட்டில் அந்த இரண்டு மாதமும் படகெல்லாம் கரையில்தான், பெயின்ட் அடிப்பது, என்ஜின் பிரிப்பது, வலை சரிபண்ணுவது. இவருடைய நைனா தினமும் விடிகாலையில் துறைமுகத்தில் ஒரு ஷெட் நிழலில் உட்கார்ந்து வலை வேலை பார்ப்பார். என்னைக் கேட்டால், இவருக்குத் தேவைப்பட்ட எல்லாமே அங்கே தயாராக இருந்தது: நேரம், ஆட்கள், கண்ணால் பார்க்கக்கூடிய பலன், நகர்த்த முடியாத ஒரு கடைசித் தேதி. தடையாக இருந்தது ஒன்றுதான், அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. சின்ன வயதில் கடலுக்கு வராமல் படைக்கு ஓடினான் என்ற கோபம் அவருக்கு, பென்ஷனில் வந்து வீட்டில் படுத்திருக்கிறான் என்ற புதுக் கோபம் அதற்கு மேல்.

நான் நேரில் போய்ப் பேசினேன். “எங்க காலத்துல புயல்ல மூணு நாள் மாட்டிக்கினு வந்திருக்கோம், எங்களுக்கு இந்த வியாதி எல்லாம் வரல கண்ணு” என்றார் பெரியவர். புயலுக்குப் பிறகு எப்போது கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். “அடுத்த வாரமே.” யாரோடு? “அதே ஆளுங்கதான்.” சரி, உங்கள் மகனுக்கு அந்த ஆட்களும் இல்லை, படகும் இல்லை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் அனுப்பி வைக்கச் சொன்னார்.

முதல் வாரம் நான் மூன்று நாள் கூடவே இருந்தேன். வலை ஊசியில் நைலான் நூலைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த இடத்தின் ஓரத்தைக் கத்தியால் சுத்தமாக வெட்டி, கண் கண்ணாக முடிச்சுப் போட்டு நிரப்ப வேண்டும். சின்ன வயதில் கற்றது, கைக்கு மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் நூல் விரலை அறுக்கிற அளவுக்கு இறுக்கினார். ஆள்காட்டி விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது, தாடை கடித்தபடி இருந்தது, மூச்சு மேலே நெஞ்சிலேயே நின்றது. நைனா அளவுக் குச்சியை அந்தக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஆறு முடிச்சையும் அவிழ்த்துவிட்டு, “இவ்ளோ இறுக்கினா கண்ணு சுருங்கிடும்டா. மீன் வரும்போது வலை கொடுக்கணும்” என்றார்.

எத்தனை அமர்வில் எத்தனை விதமாக நான் தளர்வைப் பற்றிப் பேசியிருந்தாலும் அந்தக் குச்சி அளவுக்கு வேலை செய்திருக்காது. பிறகு அது எங்களுக்கு அளவுகோலாகவே ஆகிவிட்டது. தன் உடம்பு எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாது, ஆனால் முடிச்சைப் பார்த்தால் தெரியும். இறுகினால் நிறுத்தி, மூச்சை விட்டு, தோளை இறக்கி, அடுத்த கண்.

நேரத்தை நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்து மே நடுவில் நான்கு மணி நேரம் வரை கூட்டினோம். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம், என்ஜினைச் சோதனைக்கு ஓட்டும் சத்தம், இரும்புப் பலகை விழும் சத்தம், எல்லாம் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் இரண்டு தடவை எழுந்து போய்விட்டார். ஒரு தடவை நைனா பின்னாலேயே போய், ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது.

மே கடைசியில், வலைக் குவியலில் யார் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்ற கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தார், தானாகவே. மூன்று வயதானவர்கள், இரண்டு பையன்கள், தினம் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி. சாயங்காலம் படகுக்காரரிடம் ரிப்போர்ட். ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்து படகுகள் கிளம்பியபோது தம்பியின் படகில் இருந்த வலையில் அவர் வேலையும் இருந்தது. கிளம்பும்போது சாமி கும்பிட்டுப் பட்டாசு வெடிப்பார்கள் என்று முன்னாடியே தெரியும், அதனால் யார் எப்போது கொளுத்துவார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, இருபது அடி தள்ளி நின்று பார்த்தார். அந்த வாரம் அறிகுறிப் பட்டியலில் 38.

ஆகஸ்டில் சறுக்கியது

யூனிட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. கூட இருந்த ஒருவர் சொந்த ஊரில் பைக் விபத்தில் இறந்துவிட்டார். நான்கு நாள் தொடர்ந்து குடித்தார், போனை எடுக்கவில்லை, என்னிடமும் வரவில்லை. அதற்குள் படகுகள் ஒழுங்காகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததால் வலை வேலையும் குறைந்திருந்தது. தடைக்காலம் முடிந்த பிறகு அவர் நாளை எது நிரப்பும் என்று நான் யோசித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

ஐந்தாவது நாள் அவர் மனைவி, திருவொற்றியூரில் இருக்கும், படையில் நாயக் பதவியில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஏப்ரலில் எழுதி வைத்த தாளில் ‘என் பட்டி’ என்ற இடத்தில் இருந்த பெயர் அது. அவர் வந்து வாசலில் நின்று ஹிந்தியில் ஏதோ அதட்டியிருக்கிறார், இவர் குளித்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். இருவரும் இறந்தவரின் வீட்டுக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது மதிப்பெண் 44. மருத்துவர் மாத்திரை அளவை மாற்றினார். அந்த வாரம்தான் குண்டுவெடிப்பைப் பற்றி சைக்காலஜிஸ்டிடம் முதன்முறையாக முழுதாகப் பேசினார் என்று தெரிந்தது. என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளி

இதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தயாரானோம். வெளியூர் போய்விடலாம் என்று மனைவி சொன்னார், அதுவும் நல்ல வழிதான், அவர்தான் இருக்கப் போவதாகச் சொன்னார். பட்டாசு வெடிக்க அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6-7, இரவு 7-8. யாரும் அதோடு நிறுத்துவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் திட்டம் போட ஒரு சட்டம் கிடைத்தது. காலை அந்த ஒரு மணி நேரம் மகளோடு தெருவில் நிற்பது, முதல் வெடியை அவரே கொளுத்துவது. இரவு எட்டு மணிக்கு மேல் பின்னறையில் காதடைப்பானோடு இருப்பது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காலை நன்றாகப் போனது. இரவு ஒன்பதே காலுக்கு மாடிக்கு நேர் கீழே யாரோ அணுகுண்டைத் தகர டப்பாவுக்குள் வைத்து வெடித்துவிட்டார்கள். மண்டியிட்டுவிட்டார். மகளை இழுக்கவில்லை. பாதத்தை அழுத்தினார், மூச்சு விட்டார், எழுந்திருக்க மூன்று நான்கு நிமிடம் ஆனது. அன்று இரவு தூக்கம் இரண்டு மணி நேரம்தான். மறுநாள் 4:45-க்கு எழுந்திருக்கிறார்.

இப்போது

நவம்பர் கடைசியில் எடுத்தது: அறிகுறி மதிப்பெண் 30, எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, நோய் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. செய்ய முடிவதன் சராசரி 6.2, திருப்தி 5.6. இந்த அளவில் இரண்டு புள்ளி ஏறினாலே பொருட்படுத்தத் தக்க மாற்றம் என்பார்கள். தூக்கம் ஐந்தேகால் மணி நேரம், வாரத்தில் ஒரு கெட்ட இரவு உண்டு. விசேஷ வீட்டில் உட்காருவது மட்டும் இன்னும் 3-லேயே நிற்கிறது, மண்டபத்து ஸ்பீக்கரும் கூட்டமும் சேர்ந்தால் முடியவில்லை. குடி மாதத்தில் ஓரிரு நாள். மருத்துவர் அதையும் விடச் சொல்கிறார்.

காலையில் படைத் தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் தயாராகும் எட்டுப் பையன்களை ஓடவைக்கிறார். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நேரக்கணக்கு உண்டு என்பதால் கையில் ஸ்டாப்வாட்ச், பழைய நோட்டு. பகலில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஸ்டாக் கணக்கு வேலை, பகல் ஷிப்ட் மட்டும், சம்பளம் காவலர் வேலையைவிடக் குறைவு.

மறுபடி செய்வதானால்

முதல் வாரமே அவர் தெருவுக்குப் போயிருப்பேன், என் அறையில் மூன்று வாரம் வீணாக்கியிருக்க மாட்டேன். பருவத்தோடு முடிந்துபோகும் வேலையை வைத்துத் திட்டம் போட்டால், அது முடிவதற்கு முன்பே அடுத்ததை ஆரம்பித்திருப்பேன். குடும்பத்தின் பண நெருக்கடியை ஆரம்பத்திலேயே சமூகப் பணியாளரிடம் கொண்டுபோயிருப்பேன், மூன்று மாதம் என்று நான் கேட்டு வாங்கியதன் பாரம் அவர் மனைவி மேல்தான் விழுந்தது, நகை அடகுக்குப் போனது எனக்கு செப்டம்பரில்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட, மகள். அவள்தான் காரணம் என்று முதல் நாளே சொன்னார்கள். நான் அப்பாவைச் சரிசெய்தால் மகள் தானாக வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அன்று என்ன நடந்தது, அப்பா ஏன் தள்ளினார் என்று ஜூலை வரை யாருமே சொல்லவில்லை. ஜூலையில் அவரே சொன்னார், துறைமுகத்தில் ஒரு வலைக் குவியல் மேல் உட்கார வைத்து. உன்னை அடிக்கவில்லை, மறைச்சேன் என்றார். அவள் முழங்கையைக் காட்டி, வலிச்சுது என்றாள். ஆமாம், வலிச்சிருக்கும் என்றார். டிரில் தாளை அவளிடம் காட்டினார், படித்துப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டை அம்மாவிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அந்த வரியை அவர் அங்கேயே பேனாவால் அடித்து மாற்றினார். சைக்காலஜிஸ்டின் கணக்குப்படி ரிப்போர்ட்டை அந்த மாதமே எடுத்திருக்க வேண்டும். அதை மட்டும் நாங்கள் இருவரும் பேசி விட்டுவைத்தோம். சந்தைத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது இப்போது அவள்தான் முந்திக்கொள்கிறாளாம்: “டயர் வெடிச்சிது, எம்.சி. ரோடு பக்கம், போயிடலாம் பா.”